படம் ஒன்று சொல்லும், வரி ஒன்று சொல்லும்: வாசகர் கேள்வி பதில்

சிறுவர் படப்புத்தகங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு நூலகர், ஓர் ஓவியர், அச்சு வேலை தெரிந்த ஒருவர் என மூவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

பேத்திக்கு வாங்கிய புத்தகத்தில் ஒரு யானை, கொடியில் காயும் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகிறது. நீதியும் இல்லை, தகவலும் இல்லை. இதனால் குழந்தைக்கு என்ன பயன்?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

நிலாவை ஓடி வரச் சொல்லி, மலை ஏறி மல்லிகைப்பூ கொண்டுவரச் சொல்லித்தானே நாம் எல்லோருக்கும் சோறு ஊட்டினார்கள்? காக்கையிடம் கண்ணுக்கு மை கேட்டதில் என்ன நீதி இருந்தது? உங்கள் யானையும் அந்த வம்சம்தான்.

ஆனால் எதை வேண்டுமானாலும் வரைந்துவிட்டால் வேடிக்கை வந்துவிடாது. நல்ல வேடிக்கைக் கதை ஒரே ஒரு விஷயத்தைத் தலைகீழாக்கும். மற்றதையெல்லாம் இருந்தபடி விட்டுவிடும். யானை பஸ்ஸில் ஏறுகிறதா, சரி. ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும். கண்டக்டர் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்பார். யானை உட்கார்ந்த பக்கம் பஸ் சாயும். பஸ்ஸில் என்ன நடக்கும் என்று குழந்தைக்குத் தெரிந்திருப்பதால்தான் சிரிப்பு வருகிறது. வானம் ஊதா, பஸ் பறக்கிறது, மரம் பாடுகிறது, யானையும் பேசுகிறது என்று அத்தனையையும் மாற்றிவிட்டால் யானை பஸ்ஸில் போவதில் அதிசயம் என்ன மிச்சம்? கடையில் கிடைக்கும் சுமாரான புத்தகங்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொரு வித்தையும் உண்டு. வரி ஒன்று சொல்லும், படம் வேறொன்று காட்டும். இப்படி வைத்துக்கொள்வோம். வரி: ‘தாத்தா மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.’ படத்தில், திண்ணைக்குக் கீழே ஆடு அதை மாட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த பக்கத்தில் வரி: ‘இன்றைக்குப் பேப்பர்கூட வரவில்லையே!’ படத்தில், பாதிப் பேப்பர் ஆட்டின் வாயில். ஆடு என்ற சொல் கதையில் எங்கேயுமே வராது. எழுத்துத் தெரிந்தவர் வரியைப் படிக்கிறார். எழுத்துத் தெரியாத குழந்தைதான் உண்மையைக் கண்டுபிடிக்கிறது. பாட்டியும் பேரனும் ஒரே புத்தகத்தின் முன் உட்கார்ந்து ஆளுக்கொரு வேலை பார்ப்பது இப்படிப்பட்ட புத்தகத்தில்தான் நடக்கும். ஒரே நிபந்தனை, ஆட்டை நீங்கள் விரலால் காட்டிவிடக் கூடாது. தெரியாத மாதிரி படித்துக்கொண்டே போங்கள். முதல் தடவை குழந்தை கண்டுபிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. நான்காம் தடவையில் கத்தும்.

மூன்று வயது மகள் ஒரே புத்தகத்தைத் தினமும் கேட்கிறாள். வேறு புத்தகத்துக்கு மாற்றலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். முதல் நான்கைந்து தடவை குழந்தை கதையைக் கவனிக்கிறது. பிறகுதான் மூலையில் ஒளிந்திருக்கும் எறும்பு, சுவரில் மாட்டிய காலண்டர் எல்லாம் கண்ணில் படும். பத்துத் தடவை ஆனபின் வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திப் பாருங்கள், அவளே முடிப்பாள். உங்களுக்குச் சலித்தால் குரலை மாற்றுங்கள், சொல்லை மாற்றாதீர்கள். பக்கத்தைத் தாண்டினாலும் பிடிபடுவீர்கள்.

மற்ற புத்தகங்கள் பக்கமும் கண் போக வேண்டும் என்றால், ஆறு அல்லது எட்டுப் புத்தகங்களை மட்டும் அட்டை முன்னால் தெரியும்படி குழந்தையின் இடுப்பு உயரத்தில் சாய்த்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முதுகு மட்டும் தெரிய நெருக்கி அடுக்கிய புத்தகம், படிக்கத் தெரியாத குழந்தைக்கு வெறும் அட்டைப் பட்டைதான்.

புத்தகத்தில் ‘சென்றான், வந்தான்’ என்று எழுத்து நடை. வீட்டில் நாங்கள் பேசுவது மதுரைத் தமிழ். எதில் படிப்பது?
– வாசகர், மதுரை

வயதைப் பொறுத்தது. இரண்டரை வயது வரை புத்தகத்தை வைத்துக்கொண்டு உங்கள் பேச்சிலேயே கதையைச் சொல்லுங்கள். ‘குருவி கூட்டை விட்டுப் பறந்து சென்றது’ என்று அச்சில் இருந்தால், ‘குருவி கூட்ட விட்டுப் பறந்து போயிருச்சு’ என்று சொன்னால் போதும்.

மூன்று வயதைத் தாண்டியபின் இரண்டையும் பங்கு போடலாம். கதை சொல்லும் வரிகளை அச்சில் உள்ளபடி படியுங்கள். கதைக்குள் யாராவது பேசினால் அதை மட்டும் உங்கள் வட்டாரப் பேச்சில் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வரும் பல்லவி போன்ற வரியை மட்டும் தொடாதீர்கள், அதன் தாளத்தில்தான் குழந்தை ஒட்டிக்கொள்கிறது. இப்படிக் கேட்டு வளர்ந்த குழந்தைக்குப் பள்ளியில் ‘சென்றான்’ புதுப் பாஷையாக இருக்காது. வீட்டில் ஒரு தமிழ், பாடப்புத்தகத்தில் ஒரு தமிழ் என்ற திடுக்கிடல்தான் பல பிள்ளைகளுக்கு முதல் வகுப்பின் முதல் தடுக்கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும் என்றால் இதைவிட மலிவானது கிடையாது.

ஒரே வாக்கியத்துக்குள் பாதி அது, பாதி இது என்று கலந்துவிட்டால் இரண்டுமே காதில் நிற்காது. ஐந்து வயதுக்கு மேல் குழந்தை எழுத்தை விரலால் தொடரத் தொடங்கினால், உள்ளதை உள்ளபடியே படித்துவிடுங்கள். ‘இங்க அப்படி இல்லையே’ என்று கேட்கும்.

ஓசைச் சொற்களுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். தொபுக்கடீர், மடமட, கிறீச், சளப் சளப் என்று தமிழில் இல்லாத சத்தமா? அச்சில் ‘குதித்தான்’ என்று மட்டும் இருந்தால் முன்னால் ஒரு ‘தொபுக்’ சேர்த்துக்கொள்ள யாரும் தடுக்கப்போவதில்லை.

படித்தால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இருநூறு ரூபாய்ப் புத்தகம் மூன்று நிமிடத்துக்கா?
– வாசகி, கோவை

வரியை மட்டும் படித்தால் அப்படித்தான். பல படப்புத்தகங்களில் மொத்தமே ஐந்நூறு சொல்லுக்குள்தான் இருக்கும். மீதிக் கதை படத்திலும், ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குத் திருப்பும் அந்த இடைவெளியிலும் இருக்கிறது.

அட்டையிலிருந்து தொடங்குங்கள். முன்னட்டையையும் பின்னட்டையையும் விரித்துப் பார்த்தால் சில சமயம் இரண்டும் ஒரே படமாக இருக்கும். அட்டையைத் திறந்ததும் ஒட்டியிருக்கும் உள்தாளையும் தாண்டாதீர்கள், நல்ல ஓவியர்கள் கதையை அங்கேயே ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு விரிப்பிலும் (திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்தான் விரிப்பு) முதலில் பத்து விநாடி சும்மா இருங்கள். குழந்தை பார்க்கட்டும். அதன்பின் வரியைப் படியுங்கள். வலப்பக்கத்தின் கீழ் மூலையைப் பிடித்து, திருப்பாமல் இரண்டு விநாடி நிறுத்துங்கள். வலப்பக்கம் கேள்வியைப் போடும், திருப்பினால் பதில் வரும். படப்புத்தகம் இந்தக் கணக்கில்தான் கட்டப்படுகிறது. திருப்பிக்கொண்டே அடுத்த வரியைப் படித்தால் நகைச்சுவை அங்கேயே செத்துவிடும். விரிப்புக்கு அரை நிமிடம் என்றாலே பன்னிரண்டு விரிப்புக்கு ஆறு நிமிடம் ஆயிற்று.

இந்தக் கட்டுமானம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு, மாரிஸ் சென்டாக் 1963இல் வெளியிட்ட ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ புத்தகத்தைப் பார்க்கலாம். தொடக்கத்தில் படம் சிறியது, சுற்றிலும் அகலமான வெள்ளை ஓரம். கதையில் வரும் பையனின் கற்பனை வளர வளரப் படமும் பெரிதாகிறது, ஓரம் சுருங்குகிறது. நடுவில் மூன்று விரிப்புகள் முழுக்கப் படம் மட்டுமே, ஒரு சொல் கிடையாது. கடைசிப் பக்கத்தில் நேர்மாறாக வரி மட்டும், படம் இல்லை. சொல் இல்லாத அந்த மூன்று விரிப்புகளை ‘இங்கே ஒன்றும் எழுதலியே’ என்று புரட்டிவிடும் பெரியவர்கள் உண்டு. குழந்தை அதிக நேரம் நிற்க விரும்புவது அங்கேதான்.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். ‘இது என்ன கலர்? எத்தனை வாத்து?’ என்றால் பரீட்சை வாடை வந்துவிடும். ‘இவன் எங்க போறான்?’ ‘அய்யோ, இப்ப என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். குழந்தை ‘நாய்’ என்றால் ‘ஆமாம், நனைஞ்சுபோன நாய்’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். இரண்டு மூன்று விரிப்புக்கு ஒரு கேள்வி போதும். அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவர் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்து ஒரு மாதம் வாசிக்கச் செய்தார்கள். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் அவர்கள். வழக்கம்போல வாசித்துக் கேட்ட குழந்தைகளைவிட இவர்கள் பேச்சுத் திறன் சோதனையில் முன்னே இருந்தார்கள். வாசித்த அளவு ஒன்றுதான், விதம் மட்டும் வேறு.

1970களில் ரஷ்யப் படப்புத்தகங்கள் சில ரூபாய்க்குக் கிடைத்தன. இப்போது 32 பக்கத்துக்கு ஏன் இந்த விலை? எல்லாமே ஏன் 32 பக்கம்?
– வாசகர், திருச்சி

அந்த ரஷ்ய விலை அச்சுச் செலவிலிருந்து வந்த விலை இல்லை. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982இல் அதிலிருந்து பிரிந்த ராதுகாவும் அரசுப் பதிப்பகங்கள். செலவை அரசு ஏற்றுக்கொண்டது. இங்கே நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்றது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றுபோனது.

இப்போது 32க்கு வருவோம். அச்சு ஓடுவது ஒற்றைத் தாளில் இல்லை, பெரிய ஷீட்டில். ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு என்று அடித்து மூன்று மடிப்பு மடித்தால் 16 பக்கம் வரும். அச்சகத்தில் இதை ஒரு ஃபாரம் என்பார்கள். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. இதில் தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்கு 12 முதல் 14 விரிப்பு கிடைக்கும். 34 பக்கம் வேண்டும் என்று ஆசிரியர் அடம் பிடித்தால் இரண்டு பக்கத்துக்காகத் தனி ஷீட் போட்டு, தனியாக மடித்து, தனியாகச் சொருக வேண்டும். அச்சகக்காரர் சிரிப்பார்.

வண்ண அச்சில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட், அதாவது அச்சுத் தகடு. ஃபாரத்துக்கு இரண்டு முகம், ஆக எட்டு பிளேட். இரண்டு ஃபாரத்துக்கு 16, அட்டைக்குத் தனியாக நான்கு. ஓவியர் மாதக்கணக்கில் வரைந்ததற்கான தொகை, பிளேட், மிஷினில் வண்ணம் சேரும் வரை வீணாகும் தாள் எல்லாமே ஆயிரம் பிரதி போட்டாலும் ஐயாயிரம் போட்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான். கணக்குக்காக இந்த நிலைச்செலவை 2 லட்சம் ரூபாய் என்று வைப்போம். ஆயிரம் பிரதிக்கு ஒன்றின் தலையில் 200 ரூபாய். ஐயாயிரத்துக்கு 40 ரூபாய். தாளும் பைண்டிங்கும் கடைக்காரர் கழிவும் இதற்கு மேல். தமிழில் மட்டும் ஐயாயிரம் விற்பது கஷ்டம் என்பதால்தான் விலை அங்கேயே நிற்கிறது.

இதைச் சமாளிக்க ஒரு உபாயம் உண்டு. எழுத்தை முழுக்கக் கறுப்பில் மட்டும் வைத்துவிட்டால், வேறு மொழிக்குப் போகும்போது நீலமும் மெஜந்தாவும் மஞ்சளும் அப்படியே இருக்கும். கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். உள்பக்கத்துக்கு 16 பிளேட்டில் நான்குதான் புதிது. ஒரே கதையைப் பல மொழிகளில் சேர்த்து அடிப்பது இப்படித்தான் கட்டுப்படியாகிறது. சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒன்பது மொழிகளில் படப்புத்தகம் போடுகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. ஆங்கிலத்துக்கு விட்ட மூன்று வரி இடத்தில் தமிழ் நான்கைந்து வரி கேட்கும். இடத்தை மாற்ற முடியாது, அதனால் எழுத்தைச் சுருக்குவார்கள். படத்தோடு படமாக ஓவியர் வரைந்த ‘ஸ்பிளாஷ்’ தமிழ்ப் பதிப்பிலும் ‘ஸ்பிளாஷ்’ ஆகவே கிடக்கும்.

தாரா புக்ஸின் கைவினைப் புத்தகங்கள் கூடுதல் விலை என்றால் காரணம் வேறு. 2006இல் வந்த ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’, கோண்டுப் பழங்குடி ஓவியர்களின் மரங்களைக் கறுப்புக் கைத்தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்தது. ஒரு நிறம் அடித்துக் காய்ந்தபின்தான் அடுத்த நிறம், எல்லாம் கையால். மலிவாக வேண்டும் என்றால் நேஷனல் புக் டிரஸ்ட் இருக்கிறது. 1957இல் மத்திய அரசு தொடங்கியது. தாள் சுமாராக இருக்கலாம், கதைகளில் நல்ல முத்துகள் உண்டு.

புத்தகக் கண்காட்சியில் குழந்தை கையைப் பிடித்து இழுக்கிறது, கூட்டம் தள்ளுகிறது. இரண்டு நிமிடத்தில் எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, தாம்பரம்

நடுவில் விரியுங்கள். நடுப்பிளவில் யாருடைய முகமாவது விழுந்து காணாமல் போயிருக்கிறதா? அப்படியென்றால் வடிவமைத்தவர் கவனிக்கவில்லை. சென்டர் பின் அடித்த புத்தகம் தட்டையாக விரியும். முதுகில் பசை போட்ட பர்ஃபெக்ட் பைண்டிங் 32 பக்கத்துக்குப் பொருந்தாது. அழுத்தி விரித்தால் பக்கம் கழன்று வரும், விரிக்காவிட்டால் படத்தின் நடுப்பகுதி தெரியாது.

கறுப்புக் கோட்டோரத்தில் நீலமோ சிவப்போ நிழல் போலப் பிதுங்கினால் வண்ணப் பிளேட்டுகள் சரியாகச் சேரவில்லை. வேறு பிரதி எடுங்கள், ஒரே கட்டில் நல்லதும் இருக்கும். எழுத்து 18 பாயிண்ட்டுக்குக் குறைந்தால் தொடக்க வாசகருக்குச் சிரமம். அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து என்றால் ண, ஞ, ஜ ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். சுழி அடைந்தால் ண எது, ன எது என்று குழந்தைக்குத் தெரியாது.

பிறகு ஒரே ஒரு பக்கத்தை அங்கேயே வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கினால் மொழிபெயர்ப்பு சரியில்லை. வேறு சோதனை தேவையில்லை.

இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முனை மழுங்கிய கெட்டி அட்டைப் புத்தகம்தான், ஏனென்றால் முதல் வாசிப்பு வாயால் நடக்கும். பக்கத்தில் ஓட்டை, மடிப்பு, கதவு இருந்தால் இழுத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட வேலை எப்போதுமே அச்சகத்துக்குத் தலைவலி. எரிக் கார்லின் பசித்த கம்பளிப்பூச்சிக் கதை 1969இல் வந்தபோது, பக்கங்களில் ஓட்டை போட்டு அளவு மாற்றி வெட்டும் செலவு அமெரிக்காவில் கட்டுப்படியாகாமல் ஜப்பானில்தான் அச்சானது.

ஒரு பிரதிதான் இருக்கிறது, வகுப்பில் 35 பிள்ளைகள். பின்வரிசைக்குப் படம் தெரிவதில்லை.
– தொடக்கப்பள்ளி ஆசிரியை, தருமபுரி

ஜப்பானியர்களின் காமிஷிபாய் முறை உங்களுக்குக் கைகொடுக்கும். தாள் நாடகம் என்று பொருள். ஒவ்வொரு காட்சியும் தனி அட்டை, ஏறத்தாழ 38 க்கு 26 செ.மீ. முன்பக்கம் படம், பின்பக்கம் வரி. எந்த வரியை எந்த அட்டையின் பின்னால் எழுதுவது என்பதில்தான் எல்லோரும் குழம்புவார்கள். முதல் படம் பிள்ளைகளைப் பார்த்து நிற்கும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது கடைசி அட்டையின் முதுகு. அதனால் முதல் படத்தின் வரியைக் கடைசி அட்டையின் பின்னால் எழுதுங்கள். முதல் அட்டையை உருவிக் கடைசிக்குத் தள்ளியதும் அதன் முதுகு உங்களைப் பார்க்கும். அதில் இரண்டாம் படத்தின் வரி இருக்க வேண்டும். உருவும்போது பாதியில் நிறுத்தலாம். புலியின் வால் மட்டும் தெரிய நிறுத்தினால் 35 பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

விலைக்கு வாங்கிய புத்தகத்தை உருப்பெருக்கி அச்செடுக்கப் பதிப்பாளரின் அனுமதி வேண்டும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. தமிழிலும் நிறைய உண்டு. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், பதிப்பாளர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் தாராளமாக அச்சிடலாம். படிக்கும் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள், 35 பேருக்கு முதல் இரண்டு நிலையே போதும்.

மழையில் இரண்டு புத்தகம் நனைந்துவிட்டன. இன்னும் இரண்டு கிழிந்து கிடக்கின்றன. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, கடலூர்

நனைந்ததற்கு நேரம்தான் முக்கியம். ஆர்ட் பேப்பரின் பளபளப்பு மேலே பூசிய களிமண் போன்ற பூச்சினால் வருவது. ஈரத்தில் அது இளகும். மூடியபடி காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிவிடும், அப்புறம் எந்த வைத்தியமும் இல்லை. ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். புத்தகத்தை விசிறி போல விரித்து நிறுத்தி மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓட விடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம், தாள் அப்பளம் போல நெளியும். அந்த நேரத்தில் செய்ய ஆள் இல்லை என்றால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்து, பனி விடும்போது இதையே செய்யலாம்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் மஞ்சளித்து, பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். பிரிக்கப் போனால் படம் உரிந்து வரும். ஒரு மேசைக்கரண்டி மைதாவை ஐந்து கரண்டித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல ஆகும் வரை கிளறி ஆறவிட்டு வடிகட்டுங்கள். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். அது விஷம். பக்கத்தை நக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. துத்தம் இல்லாத பசை ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும், புளித்தால் கொட்டிவிடுங்கள். கிழிந்த ஓரத்தை உற்றுப் பாருங்கள், வெள்ளை நார் சாய்வாகத் தெரியும். அந்த நார் மேல் மட்டும் மெல்லிய தூரிகையால் பசை தடவிப் பொருத்துங்கள். பளபளப்பின் மேல் தடவினால் பிடிக்காது. மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்துக் கனமான புத்தகத்தை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பெரிய கிழிசலுக்குப் பின்பக்கம் டிஷ்யூ தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்து ஒட்டினால் ஓரம் துருத்தாது.

கடலோர ஊர் என்பதால் சென்டர் பின்னும் துருப்பிடிக்கும். மழுங்கிய கத்தியால் பின்னின் காலை நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டைகள் வழியே பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பாச்சை உருண்டை போடுவதைக் குழந்தைகள் அறையில் தவிருங்கள். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து ஒருபுறம், சில குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். காற்றோட்டமும், புத்தகத்தை அடிக்கடி எடுத்துப் புரட்டுவதும்தான் பூச்சிக்குப் பிடிக்காதவை.

வீட்டிலேயே குழந்தையோடு சேர்ந்து ஒரு படப்புத்தகம் செய்ய வழி சொல்லுங்கள். தையலும் பசையும் இல்லாமல் முடியுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஒரு ஏ4 தாளும் கத்தரிக்கோலும் போதும். தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் திறங்கள். அகலவாக்கில் இரண்டாக, மறுபடியும் இரண்டாக மடித்துத் திறந்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது அகலவாக்கில் ஒருமுறை மட்டும் மடியுங்கள். மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரே ஒரு கட்ட தூரம் வெட்டுங்கள். திறந்தால் தாளின் நடுவில் ஒரு நீளக் கீறல் இருக்கும். நீளவாக்கில் மடித்து இரண்டு முனைகளையும் உள்நோக்கித் தள்ளுங்கள். கீறல் வாய் திறந்து கூட்டல் குறி போல நிற்கும். சுற்றி மடித்தால் ஏறத்தாழ ஏழரைக்குப் பத்தரை செ.மீ. அளவில் எட்டுப் பக்கப் புத்தகம் தயார்.

தட்டைத் தாளிலேயே வரையத் தொடங்குவதுதான் வழக்கமான தவறு. மடித்தபின் பாதிப் பக்கம் தலைகீழாக நிற்கும். முதலில் மடித்து, பென்சிலில் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு, பிறகு பிரித்து அந்த எண்கள் நிற்கும் திசையிலேயே வரையுங்கள். ஓரத்தில் அரை செ.மீ. விட்டுவிடுங்கள், மடிப்பில் முகம் விழாது.

ஒன்றும் எட்டும் அட்டை. உள்ளே மூன்று விரிப்புதான், ஆக ஒரே ஒரு சிக்கலுக்குத்தான் இடம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி, திருப்பினால் நான்கில் தவறான பதில். ஐந்தில் மறுபடியும் கேள்வி, ஆறில் சரியான பதில். எட்டில் ஒரு குறும்பு. மேலே சொன்ன தாத்தாவையும் ஆட்டையும் போட்டுப் பாருங்கள். பின்னட்டையில் ஆடு பல் குத்திக்கொண்டு நின்றால் போதும்.

பெரிய புத்தகம் வேண்டுமென்றால் நான்கு ஏ4 தாளை ஒன்றாக மடித்தால் 16 பக்கம். மடிப்பின் நடுவில் ஒன்று, இரு முனையிலிருந்தும் 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று என மூன்று ஓட்டை. அரை மீட்டர் நூல். உள்ளிருந்து நடு ஓட்டை வழியே வெளியே, மேல் ஓட்டையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே. உள்ளே நீளமாக ஓடும் நூல் நடுவில் வரும்படி, நூலின் இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். இழுக்கும்போது மடிப்பின் திசையிலேயே இழுக்க வேண்டும். நேராகத் தூக்கி இழுத்தால் தாள் கிழியும்.

எட்டு வயதாகியும் மகன் படப்புத்தகமே கேட்கிறான். பின்தங்கிவிடுவானோ?
– வாசகி, ஈரோடு

இல்லை. சொல்லே இல்லாத படப்புத்தகங்களில் சில எட்டு வயதுக்கும் கடினமானவை. எழுத்துப் புத்தகத்தை அதன் பக்கத்தில் வையுங்கள், அதற்குப் பதிலாக வைக்காதீர்கள்.

கதை முடிந்ததும் என்ன கேள்வி கேட்டால் நல்லது?
– வாசகர், நாகர்கோவில்

ஒன்றும் கேட்க வேண்டாம். புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைக் காட்டுங்கள். பார்கோடு பக்கத்தில் ஓவியர் எதையாவது ஒளித்து வைத்திருப்பார்.